எதனோல் கலந்தால் கலப்படமா?

இந்தியாவில் 20 வீதம் எதனோல் (கரும்பு, சோளம் முதலியவற்றிலிருந்து எடுக்கும் அற்ககோல்) கலந்து விற்கும் பெற்றோல் பற்றிய செய்தி இங்கே இலங்கையில் வரும்போதெல்லாம், "எதனோல் கலப்படத்துக்கு அரசு அனுமதி" என்ற பாணியில் ஒரு தலைப்பு எங்காவது முளைத்துவிடுகிறது. கலப்படத்துக்கு எந்த அரசாவது அனுமதி கொடுக்குமா? எழுதியவர் ஒரு நொடி நின்று யோசித்திருக்கலாம்.

சொற்பிறப்பைச் சுருக்கமாக முடித்துவிடுவோம். எதேன் என்ற ஐதரோகாபனின் பெயரோடு 'ஓல்' ஒட்டி எதனோல் ஆனது. அந்த ஓல், அற்ககோலின் வால். அற்ககோலோ அரபிக்காரர் கண்ணுக்கு இட்ட மைத்தூளின் பெயர், 'அல்-குஹ்ல்'. நுண்ணிய தூளைக் குறித்த அந்தப் பெயர், பிறகு வடித்தெடுத்த சாரத்துக்குத் தாவியது. எங்கள் பாடநூல்களில் எதனோல், தமிழகத்தில் எத்தனால். இதில் சண்டை ஒன்றும் இல்லை. சண்டையெல்லாம் அதற்கு அடுத்து வரும் சொல்லில்தான்.

கலப்பு, கலவை, கலப்படம் மூன்றுக்கும் 'கல' என்பதே வேர். ஒரு காலத்தில் கலப்படமும் வெறும் கலவையைக் குறித்திருக்கலாம். இன்று அந்த நியாயம் எடுபடாது. இன்றைக்குக் கலப்படம் என்றால் மிளகாய்த்தூளுக்குள் செங்கல்தூள், நல்லெண்ணெய்க்குள் மலிந்த எண்ணெய், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வழக்குப் போடும் விடயம். மேசன் சீமெந்தையும் மணலையும் சேர்த்துக் குழைப்பது கலவை. தோட்டத்துக்குப் போடுவது கலப்புப் பசளை. கலப்படப் பசளை தாருங்கள் என்று கேட்டு யாரும் கடைக்குப் போவதில்லை.

யாழ்ப்பாணத்தாருக்கு இந்த வேறுபாட்டை விளக்கத் தேவையே இல்லை. 1990களில் போர்க்காலப் பொருளாதாரத் தடைக்குள் சூப்பிப் போத்தலால் சில துளி பெற்றோல் விட்டு மோட்டார் சைக்கிளை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடிய ஊர் இது. தெரிந்து செய்த அந்த வேலையை ஒருவரும் கலப்படம் என்று சொல்லவில்லை. அதே மண்ணெண்ணெயைக் கலந்து பெற்றோல் என்று சொல்லி விற்றால்தான் கலப்படம். ஆக, ஊற்றும் பொருளில் இல்லை, ஒளிப்பில் இருக்கிறது இந்தச் சொல்லின் பொருள்.

எதனோல் ஒளிந்திருக்கவும் மாட்டாது. 100 மில்லிலீற்றர் அளவுச்சாடியில் 10 மில்லிலீற்றர் தண்ணீர் விடுங்கள். 100 வரும்வரை பெற்றோலை ஊற்றி, மூடிக் குலுக்கி, பத்து நிமிடம் வையுங்கள். எதனோல் இல்லாவிட்டால் அடியிலுள்ள நீர்ப்படை 10இலேயே நிற்கும். 20 வீதக் கலவையானால், ஊற்றிய 90இல் இருந்த 18 மில்லிலீற்றர் எதனோல் தண்ணீரோடு சேர்ந்து இறங்கி, படை 28க்குக் கிட்ட ஏறும். மண்ணெண்ணெயை இப்படிப் பிடிக்க முடியாது. அது தண்ணீரோடு சேராமல் பெற்றோலுக்குள்ளேயே பதுங்கிக்கொள்ளும். கலப்படக்காரருக்கு அதுதானே வசதி.

கலப்படம் என்று எழுதுவதில் இன்னொரு கெடுதி, ஏன் கலக்கிறார்கள் என்பதே மறைந்துபோகிறது. எரிபொருள் நேரந்தவறித் தானாக வெடிக்காமல் எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்வது ஒக்டேன் எண். எதனோலுக்கு அது 108 அளவில் நிற்கிறது. எங்கள் பெற்றோல் செட்டில் கிடைப்பது 92, 95. ஈயம் விலக்கப்பட்ட பிறகு, அப்படி வெடித்து இயந்திரம் 'நொக்' அடிக்காமல் காக்க அந்த ஒக்டேன் உதவுகிறது. மசகெண்ணெய்க்கு, அதாவது கச்சா எண்ணெய்க்கு, போகும் அந்நியச் செலாவணியில் கொஞ்சம் உள்நாட்டில் தங்கும். மிஞ்சும் கரும்புக்கும் சோளத்துக்கும் சந்தை கிடைக்கும். பிரேசில் 1975இல் திட்டம் போட்டு இறங்கியதும், இந்தியா 2003இல் 5 வீதத்தில் தொடங்கி 2022இல் 10 வீதத்தை எட்டி, 2030க்கு வைத்த 20 வீத இலக்கை 2025க்கு முன்னிழுத்ததும் இந்தக் கணக்கில்தான்.

மலிவா என்று கேட்டால், லீற்றர் விலையை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு லீற்றர் பெற்றோலில் ஏறத்தாழ 32 மெகாயூல் சக்தி, எதனோலில் 21. பெற்றோல் 300 ரூபா என்று வைத்துக்கொண்டால், எதனோல் 197 ரூபாவுக்குக் கீழே கிடைத்தால்தான் ஓடும் தூரத்தில் இலாபம். கனவளவில் 20 வீதம் கலந்தால் சக்தி 7 வீதம் குறையும். லீற்றருக்கு 50 கிலோமீற்றர் ஓடிய வண்டி கணக்குப்படி 46, 47இல் நிற்கும். இதைச் சொல்லாமல் விற்றால் குறை சொல்லலாம், அதுவும் விற்றவரை. கலவை என்ன பிழை செய்தது?

இனி எரிசாராயக் கட்சிக்கு வருவோம். எதனோல் தமிழில்லை, எரிசாராயப் பெற்றோல் என்று எழுதுங்கள் என்கிறார்கள். எரி, சாராயம் இரண்டும் தமிழில் பழகிய சொற்கள்தான். ஆனால் தமிழகத்தில் எரிசாராயம் என்றால் வடிசாலையிலிருந்து வரும் 95 வீத ஸ்பிரிற். எத்தனை தரம் வடித்தாலும் சாதாரண வடிப்பில் எடைப்படி 95.6 வீதத்துக்கு மேலே போகாது. மிச்சத் தண்ணீர் கூடவே ஆவியாகி வரும். அந்தத் தண்ணீர்தான் பெற்றோலுக்கு ஆகாதது. ஆகவே தண்ணீரை மட்டும் பிடித்துவைக்கும் நுண்துளை மணிகளான மூலக்கூற்று வடியில் விட்டுத் தண்ணீரை உறிஞ்சி, 99.5 வீதத்துக்கு மேலே கொண்டுவந்த பிறகே கலக்கிறார்கள். அதற்குப் பெயர் நீரற்ற எதனோல். எரிசாராயம் என்று எழுதினால், எது கலக்கக் கூடாதோ அதையே கலந்ததாகப் பொருள் வருகிறது. பனஞ்சாராயத்துக்குப் பெயர்போன திக்கம் வடிசாலையைத் தெரிந்த, யாழ்ப்பாணத்து வடமராட்சியில் 'சாராயப் பெற்றோல்' என்று சொல்லிப் பாருங்கள், போத்தலோடு வந்து நிற்பார்கள்.

தண்ணீர் விடயம் சும்மா அகராதிச் சண்டையல்ல. மாரியில் அரைத் தாங்கியோடு மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் ஈரக்காற்று புகும், மூடியின் கசிவால் மழைநீரும் இறங்கும். 10 வீதக் கலவை அரை வீதமளவு தண்ணீரைத் தாங்கும். மிஞ்சினால், தண்ணீரும் எதனோலும் சேர்ந்து பிரிந்து அடியில் படியும். எரிபொருள் குழாய் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். வண்டி இரண்டு தரம் இருமி நின்றுவிடும். மேலே மிஞ்சிய பெற்றோலில் ஒக்டேனும் குறைந்திருக்கும். பழைய காபரேற்றரின் றப்பர் வளையங்கள் ஊதுவது தனிக் கரைச்சல். 'நீரற்ற' என்ற சொல்லின் பெறுமதி அப்போது விளங்கும்.

மொழிபெயர்ப்பாளர்களின் இன்னொரு திருவிளையாடலையும் சொல்லவேண்டும். அமெரிக்கர் பெற்றோலைச் செல்லமாகக் 'காஸ்' என்பார்கள். இங்கே அது 'எரிவாயுவில் எதனோல்' என்று வந்து இறங்குகிறது. திரவத்தை ஒரே வரியில் வாயுவாக்கும் வித்தை இது.

எதனோல் கலந்த பெற்றோல், அல்லது எதனோல் கலவைப் பெற்றோல் என்று எழுதினால் போதும். செய்யும் வேலை கலத்தல். வீதம் வேண்டுமென்றால் 'எதனோல் 20' என்று போடுங்கள். ஆங்கில எழுத்தை அப்படியே ஒலிபெயர்த்து 'ஈ 20 பெற்றோல்' என்று எழுதுகிறார்கள். படிக்கும்போது பெற்றோலுக்குள் இருபது ஈ விழுந்து கிடக்கிறது.