அப்ரைசல்: திறனா, ஆற்றுகையா?

அரசு அலுவலகங்களில், ஊழியரின் ஓராண்டு வேலையை மேலதிகாரி அளந்து பார்க்கும் 'பெர்ஃபார்மன்ஸ் அப்ரைசல்' முறை வரும்போது, அதைத் தமிழில் எழுத உட்காருபவரின் கை தானாகவே 'செயல்திறன் மதிப்பீடு' என்று எழுதிவிடுகிறது. இதில் பாதி எனக்கு உடன்பாடு. மறுபாதியோடு வழக்கு உண்டு.

'மதிப்பீடு' நல்ல சொல். அப்ரைசலின் வேர், விலையைக் குறிக்கும் 'பிரேட்டியம்' என்ற இலத்தீன் சொல். ஆங்கிலத்தில் விலைக்கும் புகழ்ச்சிக்கும் உள்ள சொற்களும் அதே வேரில் பிறந்தவைதான். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் போதும்: நிலத்துக்கும் மதிப்பு உண்டு, மனிதருக்கும் மதிப்பு உண்டு.

சிக்கல் 'திறன்' என்பதில் இருக்கிறது. பெர்ஃபார்ம் என்ற சொல்லில் 'ஃபார்ம்' கேட்பதால் அது வடிவத்தோடு தொடர்புடையது என்று தோன்றும். ஆனால் அதன் மூலம் 'முழுமையாகச் செய்து முடி' என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல். திறன் ஒருவரிடம் இருப்பது. பெர்ஃபார்மன்ஸ் அவர் செய்து முடித்தது. திறமைசாலி ஓர் ஆண்டு முழுவதும் கோப்புகளைத் தேங்கவிடலாம். சுமாரானவர் ஒன்றையும் மேசையில் தங்கவிடாமல் அனுப்பலாம். படிவத்தின் தலைப்பில் 'திறன்' என்று இருந்தால், மேலதிகாரி அந்த ஆண்டின் வேலையை விட்டுவிட்டு ஆளையே எடைபோடத் தொடங்கிவிடுவார்.

இலங்கை அரசு ஆவணங்களில் வழங்கும் 'செயலாற்றுகை' இதற்கு மிகவும் பொருந்துகிறது. பணியாற்று, கடமையாற்று, உரையாற்று என்பவற்றில் நாம் அன்றாடம் புழங்கும் 'ஆற்று'தான் அது. (அதே வினைக்குத் தணித்தல் என்ற பொருளும் உண்டு. குறைந்த மதிப்பெண் வாங்கியவருக்கு அதுவும் தேவைப்படும்.) ஆகவே என் தேர்வு 'செயலாற்றுகை மதிப்பீடு'. உச்சரிக்கச் சற்று நீளம், அவ்வளவுதான்.

சொல் சரியானால் மட்டும் முறை சரியாகிவிடாது. அமெரிக்காவில் 1950-ஆம் ஆண்டுச் சட்டம் அரசு ஊழியர்களுக்குச் சிறப்பு, திருப்தி, திருப்தியின்மை என மூன்று தரங்கள் வைத்தது. ஏறக்குறைய எல்லாரும் 'திருப்தி'யில் போய் உட்கார்ந்தார்கள். 1978-இல் வந்த சீர்திருத்தச் சட்டம், ஒவ்வொரு துறையும் தனக்கென மதிப்பீட்டு முறை வகுக்க வேண்டும் என்றது.

'செல்ஃப் அப்ரைசல்' என்பதற்குத் தன்மதிப்பீடு என்று எழுதலாம். அவசரத்தில் 'ஈடு' விடுபட்டால் தன்மதிப்பு ஆகிவிடும். சில படிவங்களை நிரப்பப்பட்ட நிலையில் படித்தால், எழுத்துப் பிழை என்று சொல்லவும் மனம் வராது.