குஸ்கோவில் இறங்கிய மறுநாளே வானவில் மலை ஏறாதீர்கள்

போன வாரம் ஒருவர், ஸ்பானிஷில் எழுதிய டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் வைத்துக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்தார். நாற்பத்தொரு வயது, சர்க்கரை கிடையாது, பிரஷர் கிடையாது, சிகரெட்டைத் தொட்டதில்லை. "டாக்டர், நான் வருஷத்துக்கு ரெண்டு மாரத்தான் ஓடுறவன். எனக்கு எப்படி மலைநோய் வந்துச்சு?" என்று கேட்டார். இந்த ஒரு வருடத்தில் இதே கேள்வியை மூன்றாவது ஆளிடமிருந்து கேட்கிறேன், மூன்று பேரும் போனது பெருவுக்கு, மூன்று பேரும் இறங்கியது குஸ்கோவில். அதனால்தான் வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

அவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். ராத்திரி லிமாவில் வந்து இறங்கி, காலையிலேயே குஸ்கோவுக்கு அடுத்த விமானம். மதியம் அறையில் பெட்டியை வைத்த கையோடு ஊருக்கு மேலே இருக்கும் சக்சைவாமன் கோட்டைக்கு நடந்தே ஏறியிருக்கிறார். அன்று இரவு மண்டையைப் பிளக்கும் தலைவலி, சாப்பாடு இறங்கவில்லை. ஒரு பாராசிட்டமால் போட்டுக்கொண்டு, விடியற்காலை மூன்றரை மணிக்கு வந்த வேனில் ஏறி வானவில் மலைக்குப் போய்விட்டார், ஏனென்றால் பயண நிறுவனம் இரண்டாம் நாளில் அதைத்தான் போட்டிருந்தது. உச்சிக்குப் போனார், படம் எடுத்தார், திரும்பினார். அன்று ராத்திரியே இருமல். படுத்தால் மூச்சு முட்டுகிறது, உட்கார்ந்தால் கொஞ்சம் பரவாயில்லை. குளிர் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று மனைவி தைலம் தேய்த்துவிட்டிருக்கிறார். விடிந்து பார்த்தால் உதடு நீலம். நல்லவேளை, ஓட்டல்காரர்கள் பார்த்த உடனே ஆக்சிஜன் வைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அங்கே அளந்தபோது ரத்தத்தில் ஆக்சிஜன் 62 சதவீதம். நுரையீரலில் நீர் கோத்திருந்தது, உடம்பு பழகுவதற்கு முன்னால் உயரத்துக்குப் போனால் வரும் மலைநோயின் கடுமையான வடிவம் அது. மூன்று நாள் அங்கே, பிறகு லிமாவுக்கு இறக்கி இன்னும் இரண்டு நாள். மச்சு பிச்சுவைப் பார்க்கவே இல்லை.

உயரக் கணக்கைப் பாருங்கள். லிமா கடற்கரை ஊர். அங்கிருந்து ஒன்றேகால் மணி நேர விமானத்தில் நீங்கள் போய் நிற்கும் குஸ்கோ 3,400 மீட்டர். "ஊட்டி, கொடைக்கானல் எல்லாம் அடிக்கடி போவோம் டாக்டர், ஒண்ணும் ஆனதில்லை" என்கிறார்கள். ஊட்டி 2,240 மீட்டர்தான், தொட்டபெட்டா உச்சியே 2,637. குஸ்கோவை ஒப்பிட வேண்டுமானால் லே நகரத்தோடு ஒப்பிடுங்கள், அது 3,500. வானவில் மலை 5,000 மீட்டரைத் தாண்டும். இதில் பலருக்குத் தெரியாத ஒன்று, எல்லாரும் பயப்படுகிற மச்சு பிச்சு வெறும் 2,430 மீட்டர். குஸ்கோவைவிட ஆயிரம் மீட்டர் கீழே. மேகத்துக்கு நடுவே நிற்கும் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு அதுதான் உயரமான இடம் என்று நினைத்துக்கொள்கிறார்கள், உண்மையில் உடம்பைப் படுத்துவது குஸ்கோவும் அதற்கு மேலே இருப்பவையும்தான்.

இப்போது அந்த மாரத்தான் விஷயத்துக்கு வருகிறேன். என் பொறுமையைச் சோதிப்பது இந்த ஒரு நம்பிக்கைதான். உடற்பயிற்சிக்கும் மலைநோய்க்கும் சம்பந்தம் இல்லை. தினமும் ஜிம்முக்குப் போகிறவருக்கும் வரும், பத்து வருடமாக யோகா செய்கிறவருக்கும் வரும், இருபத்தைந்து வயதுப் பையனுக்கும் வரும். நீங்கள் ஓடி ஓடிப் பழக்கியது இதயத்தையும் தசையையும், கிடைக்கிற ஆக்சிஜனை நன்றாகப் பயன்படுத்த அவை கற்றிருக்கின்றன. ஆனால் காற்றழுத்தம் குறைந்த இடத்தில் மூச்சை எவ்வளவு கூட்டுவது, அதற்கு ஏற்றபடி ரத்தத்தின் காரத்தன்மையைச் சிறுநீரகம் எத்தனை நாளில் சரிக்கட்டும், நுரையீரல் ரத்தக்குழாய்கள் எவ்வளவு இறுகும் என்பதெல்லாம் வேறு கணக்கு. அது ஆளுக்கு ஆள் பிறவியிலேயே மாறும், அதற்கு நாள் வேண்டும், நீங்கள் எவ்வளவு வியர்வை சிந்தினாலும் அந்த நாட்கள் குறையாது. இன்னும் சொல்லப்போனால் உடல்வலு உள்ளவர்களுக்குத்தான் ஆபத்து கூடுதல், தலைவலியைப் பொறுத்துக்கொண்டு வேகமாக ஏறக் காலில் பலம் இருக்கிறது, கூட வந்தவர்கள் முன்னால் உட்கார்ந்துவிடவும் மனம் வராது. அதே குழுவில் இருந்த அறுபது வயது அம்மா ஒருவர், முடியவில்லை என்று முதல் நாள் முழுக்க அறையிலேயே படுத்திருந்தாராம். அவர் எல்லா இடத்தையும் பார்த்துவிட்டுத்தான் ஊர் திரும்பினார்.

யாருக்கு வரும் என்று முன்கூட்டியே சொல்ல ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. ஏற்கெனவே உயரத்தில் ஒரு முறை வந்திருந்தால் மறுபடி வர வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான் சொல்ல முடியும். முன்பு லேயிலோ கைலாஷிலோ இப்படி ஆகியிருந்தால் தயவுசெய்து மருத்துவரிடம் அதை மறைக்காதீர்கள்.

அடுத்தது கோக்கா இலைத் தேநீர். குஸ்கோவில் ஓட்டல் வரவேற்பறையிலேயே வைத்திருப்பார்கள், அங்கே அது சட்டப்படி சரி, ஆண்டீஸ் மக்கள் தலைமுறை தலைமுறையாக மெல்லுவது. குடியுங்கள், கதகதப்பாக இருக்கும், ஆனால் அதைக் குடித்துவிட்டேன் என்பதற்காக மலை ஏறாதீர்கள், அது மலைநோயைத் தடுக்கும் என்று நம்ப ஆதாரம் இல்லை. ஞாபகார்த்தமாக ஒரு பாக்கெட் பெட்டியில் போட்டுக்கொண்டு வரவும் வேண்டாம். நம் நாட்டில் 1985ஆம் வருடத்துப் போதைப்பொருள் சட்டத்தின்கீழ் கோக்கா இலை தடை செய்யப்பட்ட பொருள், டீ பாக்கெட் என்று சொல்லித் தப்ப முடியாது. கடையில் விற்கும் சின்ன ஆக்சிஜன் டப்பாவையும் நம்பி ஏறாதீர்கள், சில நிமிடச் சுகம், காசுக்குக் கேடு.

சரி, என்ன செய்யலாம்? பார்க்கும் இடங்களை வெட்ட வேண்டாம், வரிசையை மாற்றினால் போதும். குஸ்கோ விமான நிலையத்தில் இறங்கியதும் ஊருக்குள் போகாமல் டாக்சி பிடித்து நேராக உருபாம்பா பள்ளத்தாக்குக்கு இறங்கிவிடுங்கள், இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். உருபாம்பாவும் ஒயாந்தாய்தாம்போவும் 2,800, 2,900 மீட்டர் வாக்கில் இருப்பவை, முதல் இரண்டு இரவு அங்கே தூங்குங்கள். போகிற வழியில் சின்செரோவில் இறங்கிச் சந்தை பார்க்கலாம் என்பார் டிரைவர், அது 3,760 மீட்டர், அன்றைக்கு வேண்டாம், திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம். ஒயாந்தாய்தாம்போ கோட்டைப் படிகளைக்கூட முதல் நாள் விட்டுவிடுங்கள், ஆற்றங்கரையில் நடங்கள், சீக்கிரம் படுங்கள். மூன்றாம் நாள் ரயிலில் அகுவாஸ் காலியெந்தஸ், அது 2,040 மீட்டர்தான், அங்கே தங்கி மச்சு பிச்சுவைப் பாருங்கள். அதற்குப் பிறகு குஸ்கோவுக்கு ஏறினால் உடம்பு பாதி பழகியிருக்கும். வானவில் மலை, 4,200 மீட்டரில் இருக்கும் உமந்தாய் ஏரி இரண்டும் கடைசி நாட்களுக்கு. 3,800 மீட்டரில் இருக்கும் டிட்டிகாகா ஏரிக்கும் இதே விதிதான். நிறுவனம் ஒத்துக்கொள்ளாவிட்டால் வற்புறுத்துங்கள், காசு உங்களுடையது, நுரையீரலும் உங்களுடையது.

மலைநோயைத் தடுக்கத் தரும் அசெட்டசோலமைட் மாத்திரை பற்றிப் பாதிப் பேர் கேட்கிறார்கள். நேராகப் பறந்து குஸ்கோவில் இறங்குகிறவர்களுக்கு நான் பெரும்பாலும் எழுதித் தருகிறேன், வழக்கமாக 125 மில்லிகிராம் இரண்டு வேளை, ஏறுவதற்கு முந்தின நாளே தொடங்க வேண்டும். விரல் நுனி மதமதக்கும், சிறுநீர் அடிக்கடி போகும், சோடா குடித்தால் ருசி கெட்டுப்போனது மாதிரி இருக்கும், பயப்பட வேண்டாம். சல்ஃபா மருந்து ஒவ்வாமை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், ஏற்கெனவே நீர் மாத்திரை எடுப்பவர்கள் தாமாக மருந்துக்கடையில் வாங்கி விழுங்காதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் போட்டார் என்பது உங்களுக்கான மருந்துச்சீட்டு ஆகாது. முதல் இரண்டு நாள் மது வேண்டாம், தூக்க மாத்திரை வேண்டவே வேண்டாம். பிஸ்கோ சவரை லிமாவுக்குத் திரும்பிய பிறகு குடித்துக்கொள்ளலாம்.

இடையில் ஒன்று, மறந்துவிடுவேன். பெருவிலிருந்து இந்தியாவுக்குத் திரும்பும்போது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள், அமேசான் காட்டுப் பக்கமே போகவில்லை என்று சொன்னாலும் கேட்பார்கள். இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்த இங்குள்ள விமான நிலையச் சுகாதார அதிகாரிகளுக்கு அதிகாரம் உண்டு. ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும், அப்புறம் ஆயுளுக்கும் போதும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் துறைமுக சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். அறுபது வயதைத் தாண்டியவர்கள் போடுவதற்கு முன் மருத்துவரிடம் பேசிவிட்டுப் போடுங்கள். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் என்னிடம் ஓடி வராதீர்கள்.

இனி எப்போது பயப்பட வேண்டும் என்பது. லேசான தலைவலி, பசியின்மை, தூக்கம் வராமை இவை முதல் நாள் வரக்கூடியவைதான். அப்படி இருந்தால் அன்று ஒரு அடிகூட மேலே போகக் கூடாது, சரியானால் மறுநாள் பார்க்கலாம். ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இருமல் விடாமல் வந்தால், படுக்க முடியாமல் போனால், பேச்சு குழறினால், நடை தள்ளாடினால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். அதே ராத்திரி ஆக்சிஜன் வைத்து மருத்துவமனை, அங்கிருந்து எவ்வளவு சீக்கிரம் முடியுமோ கீழே. ஆக்சிஜன் நேரம் வாங்கித் தரும், கீழே இறங்குவதுதான் சிகிச்சை.

உடம்பு சரியில்லாதவர் பெரும்பாலும் தானாகச் சொல்லமாட்டார், மற்றவர்களின் பயணம் கெட்டுவிடும் என்று மென்று முழுங்குவார். அதனால் தினமும் காலை டிபனுக்கு முன்னால் ஒருவரை ஒருவர் கேளுங்கள், தலை வலிக்கிறதா, ராத்திரி தூங்கினாயா என்று. ஒருவர் முகம் சரியில்லை என்றால் அறைக்குள்ளேயே ஒரு நேர்கோட்டில், ஒரு காலின் விரல் நுனிக்கு முன்னால் இன்னொரு காலின் குதிகால் படும்படி பத்து அடி நடக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் அன்றைய வேனை அனுப்பிவிட்டு மருத்துவமனைக்கு வண்டி கூப்பிடுங்கள்.