காலித் தொட்டிக்கு ஏன் 4 மில்லி ஆம்பியர்?

இன்ஸ்ட்ருமென்டேஷன் வேலைக்கு, அதாவது ஆலைகளில் அழுத்தம், மட்டம், வெப்பம் போன்றவற்றை அளக்கும் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு, புதிதாக வருகிறவர்களிடம் நேர்காணலில் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "கருவி அனுப்பும் சிக்னல் ஏன் 4 முதல் 20 மில்லி ஆம்பியர்? 0-இல் தொடங்கினால் என்ன?" ஆலை இயந்திரங்களை இயக்கும் கணினியான பி.எல்.சி. பற்றிய கோர்ஸ் முடித்து, அதற்கான புரோகிராம் மொழியான லேடர் லாஜிக்கை மடமடவென எழுதுகிற பிள்ளைகள்கூட இந்த இடத்தில் தயங்கி நிற்பார்கள். திறமைக் குறைவு அல்ல அது. கோர்ஸ் கணினித் திரையில் தொடங்கித் திரையிலேயே முடிந்துவிடுகிறது. திரையில் தெரியும் எண் எங்கிருந்து வந்தது என்று யாரும் காட்டுவதில்லை.

10 மீட்டர் உயரமுள்ள ஒரு தண்ணீர்த் தொட்டியை எடுத்துக்கொள்வோம். அதன் அடியில், அழுத்தத்தை அளந்து சிக்னலாக அனுப்பும் ஒரு பிரஷர் டிரான்ஸ்மிட்டர். தொட்டி நிரம்பினால் அடியில் ஏறத்தாழ 98 கிலோ பாஸ்கல் அழுத்தம் இருக்கும். டிரான்ஸ்மிட்டருக்குள் இருக்கும் மெல்லிய உலோகத் தகடு அந்த அழுத்தத்தில் மிக நுண்ணிய அளவு வளையும். அந்த வளைவை அளந்து, உள்ளே இருக்கும் மின்சுற்று மின்னோட்டமாக மாற்றும். தொட்டி காலி என்றால் 4 மில்லி ஆம்பியர், பாதி என்றால் 12, முழுதும் நிரம்பினால் 20.

வோல்டேஜாக அனுப்பியிருக்கலாமே? கண்ட்ரோல் ரூம் அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அவ்வளவு நீளக் கம்பியின் மின்தடை வழியிலேயே கொஞ்சம் வோல்டேஜைத் தின்றுவிடும். வெயில் ஏறினால் அந்தத் தடையும் மாறும், டெர்மினலில் துரு பிடித்தால் இன்னும் மாறும். ஆனால் தொடர்ச்சுற்றில் மின்னோட்டம் எல்லா இடத்திலும் ஒன்றுதான். கம்பி எவ்வளவு தடுத்தாலும், 24 வோல்ட் சப்ளையில் மிச்சம் இருக்கும்வரை, டிரான்ஸ்மிட்டர் தன்னைச் சரிசெய்துகொண்டு அதே 12 மில்லி ஆம்பியரை ஓடவைக்கும். மறுமுனையில் ஒரு 250 ஓம் ரெசிஸ்டரைப் போட்டால் அது 1 முதல் 5 வோல்ட்டாகக் கிடைக்கும்.

சரி, இப்போது அந்த 4. எலி கேபிளைக் கடித்துவிட்டது என்று வையுங்கள். மின்னோட்டம் 0. காலித் தொட்டிக்கும் 0 என்று வைத்திருந்தால், தண்ணீர் இல்லை என்று நம்பி சிஸ்டம் பம்பை ஓடவிட்டுக்கொண்டே இருக்கும். தொட்டி பொங்கி வழியும். காலிக்கு 4 என்று வைத்ததால் 0 வந்தால் ஒரே அர்த்தம்தான்: லூப்பில், அதாவது டிரான்ஸ்மிட்டரையும் கண்ட்ரோல் ரூமையும் இணைக்கும் மின்சுற்றில், ஏதோ பழுது. இதைத்தான் லைவ் ஜீரோ என்கிறோம். மின்சாரத்துக்கு முன்பு காற்றழுத்தத்தில் சிக்னல் அனுப்பிய காலத்திலேயே இந்த யோசனை இருந்தது. அப்போது 3 முதல் 15 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு); அதே ஒன்றுக்கு ஐந்து விகிதம்.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொரு காரணம். டிரான்ஸ்மிட்டருக்குத் தனியாகக் கரண்ட் இழுக்க வேண்டியதில்லை. அந்த 4 மில்லி ஆம்பியருக்குள்ளேயே சிக்கனமாக அது வாழ்ந்துகொள்கிறது. சிக்னல் போகும் இரண்டு கம்பிகளே அதற்குச் சாப்பாடும் போடுகின்றன. ஹார்ட் (HART) என்ற தகவல் தொடர்பு முறையில் அதே கம்பிகளின் மேல் 1200, 2200 ஹெர்ட்ஸ் அலைகளாக டிஜிட்டல் செய்தியும் பயணிக்கிறது. அந்த அலையின் சராசரி பூஜ்ஜியம் என்பதால் அடியில் ஓடும் 12 மில்லி ஆம்பியர் கெடுவதில்லை.

இத்தனை பாதுகாப்பு இருந்தும் எண் பொய் சொல்லக்கூடும். அதே தொட்டியில் தண்ணீருக்குப் பதில் டீசலை நிரப்பிப் பாருங்கள். டீசலின் அடர்த்தி தண்ணீரில் சுமார் 0.83 பங்கு. தொட்டி விளிம்புவரை நிரம்பியிருக்கும், திரையோ 8.3 மீட்டர் என்று காட்டும். கம்பியில், சிக்னலை வாங்கும் பி.எல்.சி. கார்டில், புரோகிராமில் எதிலும் பழுதில்லை. டிரான்ஸ்மிட்டர் அளந்தது அழுத்தத்தை. உயரம் என்பது நாம் அதன்மேல் வைத்த கணக்கு.

இந்த வித்தியாசத்துக்கு மனித உயிர்கள் விலையாகப் போயிருக்கின்றன. 2005 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் டெக்சஸ் சிட்டியில் பி.பி. நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலையில், 170 அடி உயரக் கோபுரம் ஒன்றை இயக்கத்துக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தார்கள். உள்ளே திரவம் ஏறக்குறைய 158 அடிவரை ஏறியிருந்தபோது, லெவல் டிரான்ஸ்மிட்டர் 10 அடிக்கும் கீழே, அதுவும் இறங்கிக்கொண்டிருப்பதாகக் காட்டியது. அது அடிப்பகுதியின் சில அடிகளை மட்டும், மிதப்பு விசையை வைத்து அளக்கும் கருவி. காலிபரேஷனில், அதாவது கருவியை அளவு சரிபார்த்து அமைக்கும்போது, கொடுத்திருந்த அடர்த்தி தவறு. கருவி முழுதும் மூழ்கிய பிறகு திரவம் சூடாகச் சூடாக அடர்த்தி குறைந்தது, மிதப்பு குறைந்தது, திரையில் மட்டம் இறங்கியது. உச்ச மட்டத்துக்கென்று தனியாக இருந்த அலாரமும் ஒலிக்கவில்லை. கோபுரம் வழிந்து, ஆவி மேகமாகப் பரவி, வெடித்ததில் 15 பேர் இறந்தார்கள். விபத்துக்கு வேறு பல காரணங்களும் உண்டு. ஆனால் இந்தக் கருவி அவற்றில் முக்கியமானது.

அதனால்தான் புதிதாக வருகிறவர்களிடம் நான் வற்புறுத்திச் சொல்கிறேன்: முதல் வேலையாகப் பேனல், புரோகிராமிங் மட்டும் தேடாதீர்கள். கமிஷனிங்கோ (புது ஆலையை இயக்கத்துக்குக் கொண்டுவரும் வேலை) ஷட்டவுன் வேலையோ (ஆலையை நிறுத்திவைத்துச் செய்யும் பராமரிப்பு) கிடைத்தால் தயங்காமல் போங்கள். வெயில், தூசி, நைட் ஷிஃப்ட் எல்லாம் இருக்கும். ஆனால் லூப் செக் செய்யும்போது ஒருவர் ஃபீல்டில் நின்று 4, 8, 12, 16, 20 என்று மின்னோட்டம் கொடுக்க, இன்னொருவர் திரையைப் பார்த்து வாக்கி டாக்கியில் எண்ணைச் சொல்வார். அந்த இரண்டு இடத்திலும் மாறி மாறி நின்றவருக்கு ஆலை புரியத் தொடங்கிவிடும். அப்புறம் பி.எல்.சி. கற்பதும் சுலபம். சீமென்ஸ் கார்டில் 20 மில்லி ஆம்பியர் ஏன் 27,648 என்ற எண்ணாக வருகிறது, அதை எப்படி மீட்டராக மாற்றுவது என்பதெல்லாம் அர்த்தத்தோடு மனதில் நிற்கும்.

வேலை கிடைக்கும்வரை வீட்டிலேயே தொடங்கலாம். ஒரு மல்டிமீட்டரும், வெப்பத்துக்கு ஏற்ப மின்தடை மாறும் ஒரு பி.டி. 100 சென்சாரும் போதும். நொறுக்கிய ஐஸ் கலந்த தண்ணீரில் சென்சாரை வைத்தால் 100 ஓம் காட்ட வேண்டும். கொதிக்கும் தண்ணீரில் 138 ஓம் ஒட்டி வரும். ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.385 ஓம்தான் மாற்றம். பிறகு நீளமான மெல்லிய கம்பியைச் சேர்த்து மறுபடி அளந்து பாருங்கள். கம்பி 1 ஓம் சேர்த்தாலே கணக்கில் 2.6 டிகிரி கூடிவிடும். ஆலைகளில் இதே சென்சாரிலிருந்து மூன்று கம்பிகள் வருவது அந்தப் பிழையைக் கழிக்கத்தான்.