110, 120, 115

தேயிலைத் தோட்டப் பகுதியில் உள்ள எங்கள் பிள்ளைகளின் நீரிழிவு கிளினிக்குக்கு வரும் ஒரு பையனின் சீனிக் கொப்பி, அதாவது இரத்தத்தில் சீனி எவ்வளவு என்று தினமும் குறிக்கும் கொப்பி, அவ்வளவு அழகு. காலை 110, இரவு 120, மறுநாள் 115. மாதம் முழுக்க ஒரே நீல மை, ஒரே கையெழுத்து. ஆனால் மூன்று மாதச் சீனிச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி இரத்தப் பரிசோதனை அன்று 11 என்று மிகக் கூடுதலாக வந்திருந்தது.

"தம்பி, இதெல்லாம் எப்ப எழுதினது?"

பையன் அம்மாவைப் பார்த்தான். "நேத்து ராத்திரி, மிஸ்."

விரலில் குத்திச் சீனி பார்க்கும் ஸ்ட்ரிப் முடிந்து மூன்று வாரமாம். இன்சுலின் அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம். ஸ்ட்ரிப்பை அவர்கள் கடையில் வாங்குகிறார்கள், தோட்டத்தில் வேலை செய்யும் அம்மாவுக்கோ பேர் விழுந்த, அதாவது வேலை பதிவான, நாளுக்குத்தான் சம்பளம். சரி, ஸ்ட்ரிப் இல்லை என்று சொல்லியிருக்கலாமே? போன மாதம் கொப்பியில் 280 என்று கூடுதலாக இருந்ததைப் பார்த்துவிட்டு அவனை ஏசியது நான்தான். அப்புறம் எப்படிச் சொல்வான்?

இப்போதெல்லாம் கொப்பியைக் கடைசியில்தான் திறக்கிறேன். முதலில் பாடசாலையைப் பற்றிக் கேட்கிறேன். விளையாட்டு நேரத்தில் மரத்தடியில் உட்கார்ந்து மற்றவர்களின் பைகளைக் காவல் காப்பது, கழிவறைக்குள் ஒளிந்து ஊசி போடுவது, 'சீனி' என்ற பட்டப்பெயர் எல்லாம் அப்படித்தான் தெரியவந்தன. இவற்றை எந்த இரத்தப் பரிசோதனையும் காட்டாது.

இந்தப் பையன் பாடசாலை விட்டு வரும் வழியில் இரண்டு முறை வியர்த்துக் கொட்டி உட்கார்ந்திருக்கிறான். அவர்கள் இருக்கும் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், "முனி அடிச்சிருக்கு" என்று திருநீறு போட்டிருக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். அம்மா மலைக்கு வேலைக்குப் போகுமுன் காலை ஆறரைக்கு, வேகமானதும் மெதுவானதும் சேர்ந்த கலவை இன்சுலின் போடுகிறார். அதன் மெதுவான பகுதி நான்கிலிருந்து எட்டு மணித்தியாலத்துக்குள் உச்சத்துக்கு வரும். பாடசாலை விடுவது ஒன்றரைக்கு. பகல் சோறு வீட்டில், வீடோ தேயிலை மலையின் உச்சியில். ஊசி முழு வேகத்தில், வயிறு காலி, கால்கள் ஏற்றத்தில். சீனி 70க்குக் கீழே போகாமல் என்ன செய்யும்?

அதனால் இடைவேளையில் பிஸ்கட், பாடசாலை விட்டதும் ஏறுவதற்கு முன் ஒரு பன். சட்டைப் பையில் மூன்று தேக்கரண்டி சீனி, கடதாசியில் மடித்து. நடுங்கினால் அதை வாயில் போட்டு 15 நிமிடம் உட்கார வேண்டும். சொக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பால் சீனி ஏறத் தாமதமாகும். மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல், பக்கவாட்டில் படுக்க வைத்து, ஆஸ்பத்திரிக்கு. வகுப்பாசிரியருக்கு இதைத் துண்டில் எழுதிக் கொடுத்தோம். ஓடவும் விடுங்கள் என்று சேர்த்தே எழுதினேன்.

ஸ்ட்ரிப் குறைவென்றால் தினமும் காலையில் மட்டும் குத்துவதைவிட, வாரத்தில் இரண்டு நாள் நான்கு நேரமும் பார்ப்பது கூடுதலாகப் பயன்படும். நுவரெலியாப் பக்கத்துக் குளிரில் விரலில் இரத்தம் வராவிட்டால் வெதுவெதுப்பான நீரில் கழுவித் துடைத்துவிட்டு நுனியின் ஓரத்தில் குத்தலாம். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் மருந்துப் போத்தலை ஈரத்துணி சுற்றிய மண்சட்டிக்குள் வைக்கச் சொல்கிறோம். சின்னவன் கைக்கு எட்டக்கூடாதென்று ஓர் அம்மா அதை அடுப்புக்கு மேல் தட்டில் வைத்திருந்தார். நல்ல எண்ணம்தான், ஆனால் சூட்டில் மருந்து கெட்டுவிடும்.

"இனிப்பு கூடக் கொடுத்துட்டேனோ மிஸ்?" என்று கேட்காத தாய் இல்லை. இல்லவே இல்லை. பிள்ளைகளுக்கு வரும் இந்த முதல் வகை நீரிழிவில் உடலின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் கலங்களை அழித்துவிடுகிறது. 1922 ஜனவரியில் டொரொன்டோவில் முதன்முதலாக இன்சுலின் ஊசி போடப்பட்ட லெனார்ட் தொம்சனும் இந்தப் பையனைப் போல ஒரு சிறுவன்தான். அதற்கு முன் இந்த வருத்தம் வந்த பிள்ளைகள் பிழைத்ததில்லை. திடீரென்று ஓயாத தாகம், மறுபடி படுக்கையில் சிறுநீர், மெலிவு, கூடவே வாந்தியும் மூச்சிரைப்பும் என்றால் வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்துப் பார்த்துக் கொண்டிருக்காமல் அன்றைக்கே சீனியைப் பரிசோதியுங்கள்.

இந்த மாதக் கொப்பியில் வெற்று நாட்கள் நிறைய. ஒரு புதன்கிழமை பென்சிலில் 64, பக்கத்தில் 'தண்ணி டேங்குகிட்ட' என்று எழுதியிருந்தான். பன் சாப்பிடவில்லையா என்று கேட்டேன். சிநேகிதனுக்குப் பசித்ததாம், கொடுத்துவிட்டானாம்.