லாங் எக்ஸ்போஷர்: நெடுநேர ஒளியேற்பு

கேமராவின் ஷட்டர் சில நொடிகளோ பல நிமிடங்களோ திறந்தே இருக்க, அந்த நேரம் முழுக்க வந்து விழும் வெளிச்சம் ஒரே படத்தில் சேர்ந்துகொண்டே போவதை லாங் எக்ஸ்போஷர் என்கிறோம். பகல் வெளிச்சத்தில் எடுக்கும் படத்துக்கு நொடியில் 250-இல் ஒரு பங்கு நேரம் போதும். இரவில் ஒரு நகரத்தை எடுக்க 8 நொடி, 15 நொடி, சில சமயம் 30 நொடிகூடப் பிடிக்கும். இத்தனை நொடிக்கு மேல் போனால்தான் 'லாங்' என்று விதி எதுவும் கிடையாது. கையில் பிடித்து எடுத்தால் படம் கலங்கிவிடும், முக்காலி வைத்தே தீர வேண்டும் என்ற நிலை வந்ததும் புகைப்படக்காரர்கள் இந்தப் பெயரைச் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள்.

சிங்கப்பூர் மரினா பே கரையை எடுத்துக்கொள்வோம். அங்கே சூரியன் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 7 மணிக்கு மறைகிறது. நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் அந்தி சட்டென்று தீர்ந்துவிடும். வானத்தில் நீலம் மிச்சமிருக்க, கட்டடங்களில் விளக்கும் எரியத் தொடங்கியிருக்கும் இருபது, இருபத்தைந்து நிமிடத்துக்குள் படம் எடுத்தாக வேண்டும். ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு அளவு) 100, துளை (லென்ஸில் ஒளி நுழையும் திறப்பு) எஃப் 8, ஷட்டர் 15 நொடி என்று வைத்துக்கொண்டால் என்ன நடக்கும்? வங்கிக் கட்டடத்தின் ஜன்னல் அசையாமல் ஒரே இடத்தில் இருக்கிறது. அதன் வெளிச்சம் 15 நொடியும் சென்சாரின் ஒரே புள்ளியில் விழுந்து சேர்கிறது. ஆற்றிலிருந்து சிவப்பு விளக்குகளோடு பம்போட் என்னும் படகு ஒன்று வருகிறது. படகின் இருண்ட உடல் எந்த இடத்திலும் போதிய நேரம் நிற்பதில்லை, அதனால் படத்தில் அது தங்குவதே இல்லை. விளக்குகள் மட்டும் போன வழியெல்லாம் சிவப்புக் கோடாகப் பதிகின்றன. தண்ணீரின் சிற்றலைகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து சமனாகி, கட்டடங்களின் நிறங்கள் நீரில் நீளமாக இறங்குகின்றன. 2008-இல் மரினா அணை வந்த பிறகு இந்த விரிகுடா நன்னீர்த் தேக்கமாகிவிட்டது. கடலின் ஏற்ற வற்றம் உள்ளே வருவதில்லை என்பதும் இந்தப் பிரதிபலிப்புக்கு உதவுகிறது.

அங்கேயுள்ள ஜூபிலி நடைபாலத்தின் மேலிருந்து எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பக்கத்தில் ஒருவர் ஓடினாலே பாலத்தின் தளம் மெல்ல அதிரும். நம் காலுக்கு அது தெரியாமல் போகலாம், முக்காலிக்குத் தெரிந்துவிடும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஒவ்வொரு ஜன்னலுக்கும் பக்கத்தில் ஒரு மங்கல் ஜன்னல் நிற்கும். கரையின் கல்தளத்துக்கு இறங்கி எடுப்பதே நல்லது.

சரி, சொல்லுக்கு வருவோம். எக்ஸ்போஷர் லத்தீனிலிருந்து வந்தது. 'எக்ஸ்' என்றால் வெளியே, 'போனெரே' என்றால் வைத்தல். ஆக, மறைவில் இருப்பதை எடுத்து வெளியே வைப்பது. ஒளியுணர் ரசாயனம் பூசிய தகட்டை இருட்டில் வைத்திருந்து, வேண்டிய நேரம் மட்டும் வெளிச்சத்துக்குக் காட்டிய 19-ஆம் நூற்றாண்டு வேலைக்கு அந்தச் சொல் கச்சிதமாகப் பொருந்தியது. தமிழ்ப் பேச்சில் இது வேறு வேலையும் செய்கிறது. "பையன் கெட்டிக்காரன்தான், எக்ஸ்போஷர் பத்தாது" என்று சொல்லும்போது உலக அனுபவம் என்று பொருள். அப்புறம், ஊழல் வெளிவருவதும் எக்ஸ்போஷர், நோய்க்கிருமி இருக்கும் இடத்துக்குப் போய்வருவதும் எக்ஸ்போஷர். வெளியே வைக்கப்பட்டு எதற்கோ ஆளாவது என்ற பொருள் எல்லாவற்றிலும் இருக்கிறது.

ஆரம்பத்தில் எல்லாப் படமுமே நெடுநேரப் படம்தான். 1838-இல் புகைப்பட முன்னோடி டகேர் பாரிஸின் பூல்வார் து தாம்ப்ல் சாலையை மேலேயிருந்து எடுத்தார். வண்டியும் ஆளுமாக நெரியும் சாலை அது. தகட்டுக்குச் சில நிமிடங்கள் தேவைப்பட்டதால் நகர்ந்தவை எல்லாம் அழிந்து, வெறிச்சோடிய தெருவே கிடைத்தது. ஓரத்தில் காலணிக்குப் பாலிஷ் போட்டுக்கொள்ள நின்ற ஒரு மனிதர் மட்டும் அசையாமல் இருந்ததால் தங்கிவிட்டார். மரினா பே படகுக்கு நேர்வதும் இதுவேதான். பிறகு தகடும் ஃபிலிமும் வேகமாயின. இரவை எடுக்க விரும்பியவர்கள் மட்டும் காத்திருப்பை விடவில்லை. பாரிஸ் இரவுகளைப் படமெடுத்த பிராசாய், சிகரெட் எரியும் நேரத்தை வைத்து அளந்தார்: ஓரளவு வெளிச்சம் என்றால் ஒரு கோல்வாஸ் சிகரெட், இருட்டு கூடினால் தடித்த பொயார் சிகரெட். நியூயார்க்கில் புகைப்படக்காரர் பெரனிஸ் ஆபட் செய்தது எனக்கு இன்னும் பெரிய விஷயமாகப் படுகிறது. 1930-களில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்திலிருந்து நகரத்தின் விளக்குகளை எடுக்க அவருக்கு 15 நிமிடம் தேவைப்பட்டது. ஐந்து மணி அடித்தால் அலுவலகங்களில் விளக்கை அணைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள், அதற்குள் வானமும் இருட்டியிருக்க வேண்டும். ஆண்டிலேயே பகல் மிகக் குறுகிய டிசம்பர் நாட்களில்தான் இரண்டும் கூடிவரும். அந்த ஒரு கால் மணிக்காகத் திட்டமிட்டு எடுத்த படம் அது.

தமிழில் என்ன சொல்வது? 'நீண்ட வெளிப்பாடு' என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வெளிப்பாடு என்றால் உள்ளே இருப்பது வெளியே தெரிவது: உணர்ச்சி வெளிப்பாடு, கருத்து வெளிப்பாடு. கேமராவில் நடப்பது அதற்கு நேர் எதிர், வெளியே இருக்கும் ஒளி உள்ளே வருகிறது. 'ஒளிப்பதிவு' நல்ல சொல்தான், ஆனால் சினிமா அதை எடுத்துக்கொண்டுவிட்டது. 'நெடுநேர ஒளிப்பதிவு' என்றால் ஏதோ நாள் முழுக்க நடந்த படப்பிடிப்பு என்று நினைப்பார்கள். ஃபிலிம் காலத்து ஸ்டூடியோக்காரர்கள் "வெளிச்சம் பட்டுடும், திறக்காதே" என்பார்கள். பொருள் அதில் சரியாக இருக்கிறது, பெயர்ச்சொல்லாக்குவதுதான் சிரமம். ஒளியை வாங்கிக்கொள்வது என்பதால் ஒளியேற்பு என்பதே எனக்குப் பொருத்தமாகத் தெரிகிறது. உயிரியல் பாடத்தில் ஏற்பி என்ற சொல் ஏற்கெனவே புழங்குவதால் காதுக்கும் புதிதாக இருக்காது. அளவு மீறினால் மிகையொளியேற்பு, போதாவிட்டால் குறையொளியேற்பு, ஷட்டர் திறந்திருக்கும் கால அளவு ஒளியேற்பு நேரம் என்று மற்றச் சொற்களும் தடையில்லாமல் வந்துவிடும்.

'லாங்' என்பதற்கு நீள் என்பதைவிட நெடு என்பது மேல். கயிறு நீளம், சாலை நீளம். காலத்துக்கு நெடுநாள், நெடுநேரம் என்றுதான் வாயில் வரும். எழுத்திலக்கணமே இதற்குச் சான்று. குறிலுக்கும் நெடிலுக்கும் உள்ள வேறுபாடு ஒலிக்கும் கால அளவுதான்: குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. அந்த மாத்திரைக்குத் தொல்காப்பியம் தரும் அளவு கண் இமைக்கும் நேரம், விரல் நொடிக்கும் நேரம். இமைப்பதையும் நொடிப்பதையும் வைத்துக் காலத்தை அளந்த மொழிக்கு, திறந்து மூடும் ஷட்டரின் நேரத்தைச் சொல்ல நெடு என்ற அடை இயல்பாகவே அமைகிறது.

இரவு நகரப் படங்களைப் பற்றிப் பேசினால் கூடவே வரும் சொல் ஸ்கைலைன். 'ஸ்கை' பழைய நோர்ஸ் மொழியில் மேகம். 'லைன்' லத்தீனில் ஆளிநார் நூல். முதலில் அது தொடுவானத்தையே குறித்தது. உயரக் கட்டடங்கள் எழுந்த 1890-களின் அமெரிக்காவில்தான் நகரம் வானத்தில் வெட்டும் கோட்டுக்கு அது பெயரானது. தமிழில் வான்வரை என்பது எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் வரை என்றால் கோடு, எல்லை, மலை மூன்றுமே. சிங்கப்பூர் வான்வரையில் ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கம் உச்சி சமமாகத் தெரிவதற்கும் எல்லைதான் காரணம்: விமானங்களுக்காக விதித்த உயர வரம்பால் ரிபப்ளிக் பிளாசா, யூஓபி பிளாசா ஒன்று, ஒன் ராஃபிள்ஸ் பிளேஸ் ஆகிய மூன்று கட்டடங்களும் ஏறத்தாழ 280 மீட்டரில் நின்றுவிட்டன.

ஷட்டருக்குத் தனிச்சொல் தேட வேண்டாம் என்பது என் எண்ணம். கடைத்தெருவில் தினமும் ஏற்றி இறக்கும் சொல் அது. பல கேமராக்களில் 30 நொடிக்கு மேல் போக 'பி' என்ற எழுத்துக்குத் திருப்ப வேண்டும். அது பல்ப். விளக்குப் பல்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. பழைய கேமராக்களில் குழாயோடு ஒரு ரப்பர் குமிழ் இருக்கும். அதை அழுத்திப் பிடித்திருக்கும்வரை காற்றழுத்தம் ஷட்டரைத் திறந்தே வைத்திருக்கும், கையை விட்டால் மூடிக்கொள்ளும். இதைக் குமிழ் நிலை என்று எழுதலாம்: "குமிழ் நிலையில் இரண்டு நிமிட ஒளியேற்பு, துளை எஃப் 11."