சிப் ட்ரங்க்: இணையப் பெருந்தடம்

அலுவலகத்தின் செப்புக்கம்பித் தொலைபேசிகளை விட்டுவிட்டு இணையவழிப் பேச்சுக்கு மாறலாம் என்று விலைப்புள்ளி கேட்டால், வரும் தாளில் ‘சிப் (SIP) ட்ரங்க் – 10 சேனல்’ என்று ஒரு வரி இருக்கும். “பத்து நம்பர் தருகிறார்களா?” என்று கணக்காளர் கேட்பார். பத்து எண்களும் இல்லை, பத்துக் கம்பிகளும் இல்லை. ஒரே நேரத்தில் பத்துப் பேர் வெளியாரோடு பேசலாம் என்பது மட்டுமே அதன் பொருள். எண் ஒன்றாகவும் இருக்கலாம், நூறாகவும் இருக்கலாம்.

‘ட்ரங்க்’ நமக்குப் புதிய சொல் அல்ல. லத்தீனில் ‘த்ருங்குஸ்’ என்பது கிளை தறிக்கப்பட்ட அடிமரம். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. அடிமரத்தைக் குடைந்து செய்த பெட்டிக்கும் அதே பெயர் ஆயிற்று. பரணில் துருப்பிடித்துக் கிடக்கும் தகர ட்ரங்குப் பெட்டி அந்த வம்சம்தான். கிளைகள் பிரியும் தலைமை வழி என்ற பொருளில் சாலைக்கும் ரயிலுக்கும் அந்தப் பெயரை வைத்தார்கள். சென்னை ஜி.எஸ்.டி. ரோட்டின் கடைசி எழுத்து இந்த ட்ரங்க்தான். வரிக்கும் அதற்கும் உறவில்லை. தில்லி போகும் ஜி.டி. எக்ஸ்பிரஸிலும் அதுவே இருக்கிறது.

தொலைபேசித் துறையில் இரண்டு எக்ஸ்சேஞ்சுகளை இணைக்கும் வழி ட்ரங்க் ஆனது. வீட்டுக்கு வரும் கம்பி அந்த வீட்டுக்காரருக்கு மட்டும் உரியது. ஊருக்கும் ஊருக்கும் இடையே ஓடும் வழியோ பொதுவானது. பேசுகிறவருக்குப் பேசும் நேரம் வரை சொந்தம். அந்த வழிகள் மிகச் சிலவாக இருந்ததால்தான் ட்ரங்க் கால் பதிவு செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்தார்கள். ‘அர்ஜென்ட்’ என்றால் கூடுதல் கட்டணம், ‘லைட்னிங்’ என்றால் அதற்கும் மேல். 1960 நவம்பரில் லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே ஆபரேட்டர் இல்லாமல் நேரே சுழற்றிப் பேசும் வசதி வந்தது. அதற்குப் பெயர் ‘சப்ஸ்கிரைபர் ட்ரங்க் டயலிங்’, சுருக்கமாக எஸ்.டி.டி. தெருமுனைதோறும் மஞ்சள் பலகையில் அந்த மூன்று எழுத்துகளைப் படித்தவர்களில் நடு எழுத்து எதைக் குறிக்கிறது என்று யோசித்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

பகிர்ந்துகொள்வதுதான் இச்சொல்லின் உயிர். எத்தனை பேருக்கு எத்தனை வழி போதும் என்பதைக் கணக்காக்கியவர் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய டென்மார்க் கணிதர் ஏ.கே. எர்லாங். அழைப்புகளின் நெரிசலை நிகழ்தகவாகப் பார்த்து அவர் எழுதிய முதல் கட்டுரை 1909இல் வந்தது. அவர் பெயரே அழைப்புப் பளுவின் அலகாகவும் நிலைத்துவிட்டது. நாற்பது பேர் வேலை பார்க்கும் அலுவலகத்தில் நாற்பது பேரும் ஒரே நேரத்தில் வெளியூரோடு பேசுவதில்லை. மேசைக்கு மேசை இன்டர்காம் இருக்கும். பூஜ்யமோ ஒன்பதோ அடித்தால் வெளி லைன் கிடைக்கும். அந்த வெளி லைன்களே அலுவலகத்தின் ட்ரங்க். பெரிய நிறுவனங்கள் வாங்கிய பி.ஆர்.ஐ. என்ற டிஜிட்டல் இணைப்பு ஒன்றில் ஒரே நேரத்தில் 30 பேர் பேசலாம். முப்பத்தொன்றாவது நபருக்குப் பிஸி ஒலிதான்.

இணையவழி அழைப்பில் கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் விதிகளான ‘சிப்’ என்ற நெறிமுறை 1999இல் முதன்முதலாக வரையறுக்கப்பட்டது. விரித்தால் ‘அமர்வு தொடங்கும் நெறிமுறை’. கூப்பிடும் கருவி ‘இன்வைட்’ என்று ஒரு செய்தி அனுப்புகிறது. மறுமுனை ‘180 ரிங்கிங்’ என்கிறது. எடுத்தால் ‘200 ஓகே’, வேறு பேச்சில் இருந்தால் ‘486’. முடிந்ததும் ‘பை’. மரியாதை தெரிந்த நெறிமுறை! பேச்சு தனியே போகிறது. வழக்கமான முறையில் குரலை நொடிக்கு ஐம்பது துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டிலும் 160 பைட் குரலுக்கு 40 பைட் முகவரி ஒட்டி அனுப்புகிறார்கள். ஓர் அழைப்புக்கு ஒரு திசையில் 80 கிலோபிட். பத்து அழைப்புகளும் சேர்ந்தால்கூட ஏறத்தாழ ஒரு மெகாபிட்தான்.

ஆகவே இந்த ட்ரங்கில் தொட்டுப் பார்க்க ஒன்றும் இல்லை. ஏற்கெனவே இருக்கும் இணைய இணைப்பின் மேல், இத்தனை பேச்சு ஒரே நேரத்தில் போகலாம் என்ற ஒப்பந்தம் அது.

தமிழில் என்ன சொல்வது? ‘தண்டு’ நேர்ப்பொருள்தான், ஆனால் செடியை நினைவூட்டுகிறது. ‘வடம்’ என்றால் கயிறும் கேபிளும் கண்முன் வருகின்றன. இல்லாத பொருளை இருப்பதாகக் காட்டும் பெயர் வேண்டாம். சாலைக்கு நம்மிடம் பழஞ்சொல் இருக்கிறது. தருமபுரிப் பகுதியில் கிடைத்த காதக் கல் ‘அதியமான் பெருவழி’ என்கிறது, நாவற்றாவளத்துக்கு 29 காதம் என்று தொலைவும் சொல்கிறது. கோவை அருகே ‘இராசகேசரிப் பெருவழி’ கல்வெட்டு உண்டு. ட்ரங்க் ரோட்டுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. தொலைபேசிக்கு அதே ‘பெரு’வை வைத்துக்கொண்டு ‘பெருந்தடம்’ என்பது என் பரிந்துரை. தடம் என்பது கம்பியா காற்றா என்று பேசுவதில்லை. போகும் வழியை மட்டும் சொல்கிறது. சிப் ட்ரங்க் என்றால் இணையப் பெருந்தடம், சேனல் என்றால் தடம், ட்ரங்க் கால் என்றால் பழகிப்போன ‘வெளியூர் அழைப்பு’. விலைப்புள்ளியிலும் ‘பத்துத் தடம்’ என்று எழுதினால் கணக்காளருக்குக் குழப்பம் வராது.

பெயர் தொடர்ந்தாலும் ஒன்று மாறுகிறது. பழைய தொலைபேசிக்கு எக்ஸ்சேஞ்சின் மின்கலங்களிலிருந்து 48 வோல்ட் அதே கம்பியில் வந்தது. ஊர் இருண்டாலும் மணி அடித்தது. இணையப் பெருந்தடம் ரவுட்டர் அணைந்த நொடியே அறுந்துவிடும். பிரிட்டன் செப்புக்கம்பிச் சேவையை 2025 டிசம்பரில் நிறுத்துவதாக இருந்து 2027 ஜனவரிக்குத் தள்ளிவைத்தது. முதியோர் வீடுகளில் அந்தக் கம்பியை நம்பியிருக்கும் அவசர அழைப்புக் கருவிகள் அதற்கு ஒரு முக்கியக் காரணம். நம் அலுவலகங்களில் லிஃப்டின் அவசரத் தொலைபேசியும் எச்சரிக்கை மணியும் எந்தக் கம்பியில் ஓடுகின்றன என்று பார்த்துவிட்டு, ரவுட்டரையும் ஸ்விட்சையும் யு.பி.எஸ்ஸில் மாட்டிய பிறகு பழைய இணைப்பைத் துண்டிக்கச் சொல்லி விண்ணப்பம் கொடுக்கலாம்.