வானத்திலிருந்து கூரை தெரியும், பத்திரம் தெரியாது: 'நக்ஷா' திட்டம்

நகரத்து வீடுகளையும் மனைகளையும் புதிதாக அளந்து வரைபடமாக்க மத்திய அரசின் நில வளத் துறை நடத்தும் திட்டம் 'நக்ஷா'. இந்தியில் இதற்கு வரைபடம் என்று பொருள். 2025 பிப்ரவரி 18 அன்று மத்தியப் பிரதேசத்தின் ராய்சேனில் தொடங்கி வைக்கப்பட்டது. இது முன்னோடித் திட்டமாகத் தொடங்கியது: அப்போது 26 மாநிலங்களிலும் 3 யூனியன் பிரதேசங்களிலுமாக 152 நகர்ப்புற உள்ளாட்சிகள். பெருநகரங்களுக்கு இடமில்லை, 35 சதுர கிலோமீட்டருக்கும் 2 லட்சம் மக்கள்தொகைக்கும் உட்பட்ட ஊர்களையே எடுத்துக்கொண்டார்கள். செலவு சுமார் 194 கோடி ரூபாய்; முழுவதும் மத்திய அரசுடையது.

இதற்காக விமானத்தையும் ட்ரோனையும் பறக்கவிட்டுப் படமெடுக்கிறார்கள். செயற்கைக்கோள் படம் இருக்கும்போது இவை எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நகர்ப்புற அடிப்படை வசதிகளுக்கான மத்திய அரசின் அம்ருத் திட்டத்தின் கீழ் 500 நகரங்களுக்கு முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) தயாரிக்கச் செயற்கைக்கோள் படங்களைத்தான் நம்பினார்கள். அந்த வரைபடத்தின் அளவு 1:4,000. அதாவது 4 மீட்டர் அகலச் சந்து தாளில் ஒரு மில்லிமீட்டர். எங்கே சாலை, எங்கே குளம், எங்கே புதுக் குடியிருப்பு என்று பார்க்க அது போதும். இரண்டு வீடுகளுக்கு நடுவே உள்ள ஒன்பது அங்குலச் சுவர் யாருடையது என்ற வழக்குக்குப் போதாது.

படம் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் வேறு சங்கடங்கள் உண்டு. செயற்கைக்கோள் சற்றே சாய்ந்து பார்த்தால் உயரமான கட்டடத்தின் கூரை அடித்தளத்திலிருந்து விலகி விழும். பக்கத்து மனைக்குள் நீண்ட சன்ஷேடு வீட்டின் பகுதியாகவே தெரியும். மரத்தடி ஓட்டு வீடு தெரியவே தெரியாது. அதனால்தான் நக்ஷாவில் தாழப் பறந்து படமெடுக்கிறார்கள். சில இடங்களில் சாய்கோணக் கேமராவும் லேசர் கதிரால் உயரம் அளக்கும் லைடார் கருவியும் சேர்கின்றன. இந்தப் பணியில் தொழில்நுட்பத் துணை இந்திய நில அளவைத் துறை.

பறந்து எடுத்த படத்தைத் திருத்திக் கொடுத்த பிறகு, மாநில அலுவலர்கள் வீடு வீடாக வந்து எல்லையையும் ஆவணங்களையும் சரிபார்க்க வேண்டும். பிறகு வரைவுப் பதிவேடு வெளியாகும். ஆட்சேபங்களைக் கேட்டு முடித்தபின் இறுதிப் பதிவேடு. என் கணக்கில் திட்டத்தின் உயிர் விமானத்தில் இல்லை, இந்தக் கள விசாரணையில்தான் இருக்கிறது.

உங்கள் ஊர் பட்டியலில் இருந்தால் கிரயப் பத்திரம், பட்டா, சொத்து வரி ரசீது, பாகப்பிரிவினை ஆவணம் ஆகியவற்றின் நகல்களை எடுத்து வையுங்கள். வரி ரசீது மட்டும் கையிலிருந்தால் போதாது. வரி கட்டுவது உரிமைக்குச் சான்றாகாது. தாத்தா பெயரிலேயே கிடக்கும் வீடு என்றால் வாரிசுச் சான்றிதழும் வேண்டியிருக்கும், அதற்கு இப்போதே விண்ணப்பியுங்கள். அளக்க வரும் நாளில் வீட்டுக்காரர் ஒருவராவது இருக்க வேண்டும். முடிந்தால் பக்கத்து மனைக்காரரையும் கூப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள். வாடகைக்கு விட்டுவிட்டு வெளியூரில் இருப்பவர்கள் குடியிருப்பவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், இல்லையென்றால் மதிலைக் காட்டுபவர் எதிர்வீட்டுக்காரராக இருப்பார்.